பதினொரு மாடி

படிவத்தில் எழுதியிருந்தார்கள்:
பெண். வயது மூன்று இருக்கலாம்.
துவாஸில், கொள்கலன் கிடங்கின் பின்புறம் பிடிபட்டது.
எடை பதினான்கரை கிலோ,
வீவக வீட்டுக்குப் பொருந்தும்.
குணம்: கூச்சம். கடிக்காது.

மின்தூக்கியைப் பற்றி
ஒரு வரியும் இல்லை.

கதவு திறந்ததும்
நான்கு கால்களும் நான்கு திசைக்குப் போயின.
வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு
கீழ்த்தளத்து சிமெண்டில் ஈரமாய் ஒரு கோடு இழுத்தது.
தபால்பெட்டி அருகே நின்ற இருவர்
கைப்பேசியிலிருந்து கண்ணெடுத்துப் பார்த்தார்கள்.
முதல் நாள் தூக்கிக்கொண்டே ஏறினேன்.
ஏழாவது மாடியில்
என் இதயமா, அதன் இதயமா,
ஏதோ ஒன்று விலாவைத் தட்டிக்கொண்டே வந்தது.

மெத்தை வாங்கி வைத்திருந்தோம்.
ஊதா நிறம், கவினேஷ் தேர்ந்தெடுத்தது.
அது காலணி அடுக்குக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து
வாசலைப் பார்த்தபடி
அங்கேயே குடியேறிவிட்டது.
துடைப்பத்தை எடுத்தால் நடுங்கும்.
குடை விரிந்தால் மூத்திரம்.
பார்சல் டேப் கிழிக்கும் சத்தத்துக்கு மட்டும்
(யார், எங்கே, என்ன செய்தார்களோ)
மூச்சையே நிறுத்திவிடும்.

"கச்சாங்னு கூப்பிட்டா வரமாட்டேங்குது"
என்றான் பையன்.
"நீ வச்ச பேரு அதுக்குத் தெரியாதுடா"
என்றாள் ஷர்மினி,
"அதோட பேரு நமக்கும்தான் தெரியாது."
அதன்பிறகு அவன் கூப்பிடவில்லை.
காலணிகளுக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்து
கணக்குப் பாடத்தை உரக்கப் படித்தான்.
மூன்றில் இரண்டு, ஐந்தில் நான்கு,
பின்னங்களைக் கேட்டுத்தான்
அது எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கண்ணை மூடியது.

காலை ஐந்தரைக்கும் இரவு பத்துக்கும் படிகள்.
இருபது வருடமாய் இந்த புளோக்கில் இருக்கிறேன்.
ஒன்பதாவதில் யாரோ
பெயின்ட் வாளியில் கறிவேப்பிலை வளர்ப்பது தெரியாது.
ஆறாவதில் ஒருவர்
விடியுமுன் எழுந்து, வெறும் பனியனோடு,
ஊதுவத்தி கொளுத்துவது தெரியாது.
நான்காம் மாடி ரொஹானி மக்சிக்
சாரோங் நுனியை லேசாக இழுத்துப் பிடித்து
சுவரோரம் ஒதுங்கி வழிவிடுவார்.
ஒதுங்கி நின்றே கேட்பார்,
"சுடா மக்கான்?"
என்னை அல்ல.

டிசம்பர் மழையில் ஒரு மாலை
மின்தூக்கி நின்றுபோனது.
பத்தாம் மாடி கோ ஆன்ட்டி
ஐந்து கிலோ அரிசியோடும் ஒரு பை தவ்கேயோடும்
படிக்கட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.
அரிசியை நான் வாங்கித் தோளில் வைத்தேன்.
கச்சாங் முன்னால் போனது.
ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று
நாங்கள் வருகிறோமா என்று பார்த்தது.
ஐந்தாவதில் ஆன்ட்டி உட்கார்ந்துவிட்டார்.
ஒரு படி மேலே அதுவும் உட்கார்ந்தது.
இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.
இல்லை, பொய் சொல்கிறேன்,
அதற்கு மூச்சே வாங்கவில்லை.
சும்மா காத்திருந்தது,
தினமும் இந்த வழியாகப் போகிறவர்
புதிதாய் வந்தவருக்குக் காத்திருப்பதுபோல.
"குட் கேர்ல்" என்றார் ஆன்ட்டி.
தலையைத் தடவவில்லை.
தடவக்கூடாதென்று அவருக்கு யார் சொன்னார்களோ.

மறுநாள் பழுது சரியானது.
புது பொத்தான்கள், கிரீஸ் வாடை.
நாங்கள் முன்னால் போய் நின்றோம்.
கதவு திறந்தது,
உள்ளே வெளிச்சம், ஆள் இல்லை.
அது என்னைப் பார்த்தது.
நான் படியைப் பார்த்தேன்.
கதவு கொஞ்சம் பொறுத்து
தானாக மூடிக்கொண்டது.

ஊதா மெத்தையை யாருக்கோ கொடுத்துவிட்டோம்.
காலணி அடுக்கை ஒரு சாண் நகர்த்தினோம்,
அதற்குத் திரும்பிப் படுக்க இடம் வேண்டுமே.
கவினேஷின் பள்ளிக் காலணி
இப்போது வாசலுக்கு வெளியே.
நகர மன்றம் கடிதம் போட்டால்
பார்த்துக்கொள்ளலாம்.